பழைய கணினியும் நாற்பத்தொரு சட்டைகளும்

புதுக்கடைச் சந்திப்பில் நான் நடத்தும் டிடிபி கடையின் கணினிக்குப் பதின்மூன்று வயது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, கடையைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, டீயும் குடித்து முடித்தால்தான் திரை வேலைக்குத் தயாராகும். ஒன்பது நிமிடம் நாற்பது வினாடி. ஒரு வாரம் குறித்து எடுத்த சராசரி அது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடற்கரையிலிருந்து வழக்கமாக வரும் மீன் வியாபாரி வந்தார். ஆண்டுதோறும் அவருடைய அப்பாவின் நினைவு அட்டையை நான்தான் அச்சடித்துக் கொடுப்பேன். இந்த முறை அட்டையோடு, சுவரில் மாட்ட ஒரு பெரிய படமும் வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பத்தாம் ஆண்டுத் திருப்பலி. படத்தைத் திறக்கப் போனேன். பெட்டிக்குள், கோப்புகள் இருக்கும் வட்டிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் கேட்டது. திரை அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா, அப்பாக்க படம் அதுலதான இருக்கு? வீட்டுல கெடந்தது போன மழைக்கு கடலு ஏறி நனஞ்சு போச்சு. வேற கெடையாது."

"பழைய அட்டை இருக்குமே?"

"அதுல மொகம் நகத்தளவுதான். அம்மைக்கக் கண்ணுக்குத் தெரியாண்டாமா?"

வியாழக்கிழமை வரச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதி வைக்கும் நான், கணினியில் இருந்தவற்றுக்குப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. 'பிரதி எடுக்க வேண்டும்' என்று நாட்குறிப்பில் மட்டும் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறேன்.

அன்று மதியமே நாகர்கோவிலுக்குப் போனேன். "பழசு எதுக்குக்கா? எஸ்எஸ்டின்னு வேகமான புது வட்டு இருக்கு, அதுல எல்லாத்தையும் புதுசா ஏத்தித் தாறேன்" என்றார் கடைக்காரர். என் கோப்புகள் பழைய தமிழ் எழுத்துருவில் இருப்பவை. அதற்கான குறுந்தகடு தொலைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. புதிதாக ஏற்றினால் அத்தனையும் கிறுக்கலாகிவிடும். இருப்பதை இருக்கிறபடியே நகல் எடுக்க வேண்டும் என்று சொல்லி, எஸ்எஸ்டியையும் அதற்கான வயரையும் மட்டும் வாங்கி வந்தேன்.

புதன்கிழமை காலை கணினி எப்படியோ எழுந்தது; உடனே நகலெடுக்கத் தொடங்கினேன். எழுபத்தொரு சதவீதத்தில் இருபத்திரண்டு நிமிடம் அசையவில்லை. நான் கடையை விட்டு நகரவில்லை. பிறகு மெதுவாக நகர்ந்து, மூன்று மணிக்கு முடிந்தது. படிக்க முடியாத கோப்புகள் பதினான்கு என்று ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொன்றாக நாட்குறிப்பில் எழுதினேன். ஒன்பதாவது, மீன் வியாபாரியுடைய அப்பாவின் படம்.

வயர்களில் காகிதத் துண்டு ஒட்டி எண் போட்டு, பழைய வட்டைக் கழற்றி, எஸ்எஸ்டியைப் பொருத்தினேன். பொத்தானை அழுத்தினேன். முப்பத்தொரு வினாடி. துடைப்பத்தை எடுக்கக்கூட நேரமில்லை. ஆனாலும் மகிழ்ச்சி வரவில்லை. அந்தக் குடும்பத்தின் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். உள்ளே இன்னொரு கோப்பு இருந்தது, பத்து ஆண்டுகளுக்கு முன் நான் ஸ்கேன் செய்த மூலப்படம். அப்படி ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன்.

அட்டையில் இருந்தவர் வகிடெடுத்துச் சீவி, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில் இருப்பார். மூலப்படத்தில் இருந்தவர் வெற்றுடம்போடு வள்ளத்தில் சாய்ந்து, தலையில் துவர்த்துத் துண்டு கட்டி, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டை நான் போட்டுவிட்டது. என் கணவரின் பாஸ்போர்ட் படத்திலிருந்து எடுத்தேன். துவர்த்தை அழித்துவிட்டு வைத்த முடியும் அவருடையதுதான்.

வியாழக்கிழமை வந்த மீன் வியாபாரி குனிந்து திரையைப் பார்த்தார்.

"இதுதான் அப்பா" என்றார். பிறகு, "மத்தது ஆருக்க அப்பாவோ" என்று சிரித்தார்.

"இதையே பெருசாப் போடட்டா?"

"நான் சொன்னா ஆவாது. அம்மைட்ட கேக்கணும்."

வீடியோ அழைப்பில் அவருடைய அம்மாவின் முகம் வந்தது. மகன் போனைக் கணினித் திரைக்கு நேரே பிடித்தார்.

"லேய், ஆட்டாத பிடி" என்றார் அம்மா. பிறகு முகத்தைப் போனுக்கு அருகே கொண்டுவந்தார். "தலையில துவர்த்து கெடக்காலே?"

"கெடக்கு அம்மா."

"அத எடுக்காண்டாம்னு அக்காட்ட சொல்லு. நான்தான் அப்பம் எடுக்கச் சொன்னேன். புத்தியில்ல எனக்கு."

"சட்டை?" என்று கேட்டேன்.

"சட்டை போடணும். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வீட்டுக்குச் சாமியார் வருவாரு. அந்தப் பழைய சட்டை வேண்டாம் கேட்டியா. அதுல அவருக்குக் கழுத்து கொக்கு மாதிரி இருந்து."

என் கணவரின் கழுத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. 'சட்டைகள்' என்ற கோப்புறையைத் திறந்தேன். முன்பெல்லாம் ஒவ்வொன்றாக, மனமில்லாமல் வரும். இப்போது நாற்பத்தொன்றும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. போனுக்குள்ளிருந்து அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளினார். கோட்டு வேண்டாம், கோடு போட்டது வேண்டாம், இது வாத்தியார் சட்டை. இருபத்தாறாவது, நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. கழுத்தில் பொத்தான் திறந்திருந்தது.

"அதப் போடு. மேல் பொத்தான் அப்படியே கெடக்கட்டு."

சட்டையைப் பொருத்த நாற்பது நிமிடம் ஆயிற்று. துவர்த்தைத் தொடவில்லை.