கம்ப்யூட்டர் அறை வாசல்

எண்பதுகளின் கடைசியில் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பில் இருந்தது. முழு அதிகாரமுள்ள பாஸ்வேர்டு எனக்கு மட்டுமே தெரியும். பிரிண்டர் நின்றாலும், யாராவது தங்கள் பாஸ்வேர்டை மறந்தாலும், தூசி உள்ளே வராமல் செருப்பை வாசலில் விட்டுவிட்டு என்னிடம்தான் வருவார்கள். வந்தவர்கள் ஏசிக் குளிரில் ஊர்க்கதை பேசாமல் எழ மாட்டார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

சலித்துப்போய், பிரிவுக்கு ஒருவருக்கு அந்தச் சின்ன வேலைகளுக்கு மட்டும் அதிகாரம் கொடுத்தேன். "இனிமே உங்க சீட்லேருந்தே பண்ணிக்கலாம், இங்க வர வேணாம்" என்றேன்.

"ரொம்ப நல்லதாப் போச்சு சார்" என்றார் ஸ்டோர்ஸ் கிளார்க்.

அதன்பின் சாயங்காலம் கதவைத் திறந்தால் வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடக்கும். அதுவும் என்னுடையது.