முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் உடைந்த ஒருசந்தி

இதை எழுத ஆறு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். எட்டாவது வரைக்கும் படித்தவன். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் பில் போடுவதைத் தவிர எனக்கு எழுத்து வேலை கிடையாது. ஆனால் அது சாக்குத்தான். இந்தப் பயணத்தில் நான் செய்த ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதுதான் காரணம். நான் சொல்லாமல் இருந்ததால் மற்றவர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். போன வருடம் வல்லம் தாண்டி ஒரு பந்தலில் மோர் வாங்கிக் குடிக்கும்போது, என்னை யாரென்று தெரியாத ஒருவர் என் கதையை எனக்கே சொன்னார். பாதி நான் கேள்விப்படாதது. அன்று இரவே நோட்டு வாங்கிவிட்டேன்.

நான் திருச்சிக்காரன். வருடாவருடம் ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலில் நடக்கும் கூட்டத்தில் ஒருவன். நூற்றைம்பது கிலோமீட்டர், நாலு நாள். பத்தொன்பது வருடம் விடாமல் நடந்தேன். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பும்போது நடுச்சாமத்திலிருந்தே ஒருசந்தி. கோயிலுக்குப் போய் பூசையில் நன்மை என்கிற அப்பத்தை வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக் கூடாது. அந்தத் தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபதாவது வருடம் நான் நடக்கவில்லை. ஹைதராபாத் போனேன்.

என் மகன் ஆரோக்கியராஜ் அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். ஓட்டப் பைத்தியம். அந்த வருடம் மார்ச்சில் மோட்டார் சைக்கிளில் போனவனை லாரி தட்டியதில், இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. என் மனைவி ரோசலி அவனோடு குகட்பள்ளி வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஜூனில் செயற்கைக் கால் வந்தது. அளவு பார்த்து, போட்டு நடக்கவும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி மூலையில் சாத்தியவன், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டான். அதற்குப் பிறகு வாசல் தாண்டவில்லை.

விபத்துக்கு முன்னாலேயே ஆகஸ்ட் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருந்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஜூலையில் ஒருநாள் போனில் கேட்டேன்.

"அந்த ஓட்டத்துக்குப் பேர் குடுத்தியே, அது என்னடா ஆச்சு?"

"என்ன ஆவும்? நம்பர் வரும். குப்பையில போடுவேன்."

"நான் ஓடுறேன்."

சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "அப்பா, அது மாதா கோயில் நடை இல்ல. மோர்ப் பந்தல்ல படுத்துத் தூங்கி எந்திரிச்சுப் போக முடியாது. ஆறரை மணி நேரந்தான் டைம்."

"நூத்தம்பது நடக்குறவனுக்கு நாப்பத்திரண்டு பெருசாடா? நான் வர்றேன். நீ அந்தக் காலைப் போட்டுக்கிட்டு முடியிற எடத்துல வந்து நிக்கணும்."

"பாக்கலாம்" என்றான்.

நாலு மாதமாக அவன் வாயிலிருந்து 'மாட்டேன்' மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. அந்த 'பாக்கலாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்பினேன். ஒருவர் நம்பரில் இன்னொருவர் ஓடுவது விதிப்படி தப்பு என்று பிறகுதான் தெரியும்.

ஒரு மாதம் விடிகாலையில் கொள்ளிடக் கரையில் ஓடிப் பழகினேன். பிறகு சென்னை வழியாக ரயில். சனிக்கிழமை காலை 8.20க்குச் செகந்திராபாத்தில் இறங்கும்போது நல்ல மழை. குகட்பள்ளிக்குப் பஸ்ஸில் பன்னிரண்டு ரூபாய், ஒரு மணி பத்து நிமிடம். எங்கள் ஊரில் அந்த மாதம் தார் ரோடு காலைச் சுடும். இங்கே பஸ்ஸில் எல்லோரும் ஸ்வெட்டரும் குல்லாயும். எனக்குச் சட்டைக்குள் உடம்பு நடுங்கியது.

வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மகன் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மூலையில் துண்டு அப்படியே இருந்தது.

"வெறுங்காலோட ஓடுறேன்னு ஆரம்பிக்காதீங்க, கண்ணாடிச் சில்லு கெடக்கும்" என்றாள் ரோசலி.

"என் ஷூ இருக்கு, புதுசு" என்றான் அவன், திரும்பாமலே. "நான் போடப்போறதில்ல."

எனக்கும் அவனுக்கும் ஒரே அளவு. போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது.

அன்று இரவு யாரிடமும் சொல்லாமல் ஒரு முடிவு எடுத்தேன். இது என் நேர்ச்சை ஓட்டம். அப்படியானால் கடைசி நாள் வழக்கம் இதற்கும் பொருந்தும். ஞாயிறு மாலை நாலு மணிக்குச் செகந்திராபாத்தில் தமிழ்ப் பூசை. அதில் நன்மை வாங்கும்வரை ஒருசந்தி. மழைதானே பெய்கிறது, வெயில் இருந்தால்தானே தாகம் எடுக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை 4.10க்கு ஆட்டோ. ஓட்டம் கிளம்பும் நெக்லஸ் ரோடுக்கு நூற்று அறுபது ரூபாய். போன் நனையுமென்று ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வந்தேன். ஏரிக் காற்று மழையோடு சேர்ந்து முகத்தில் அடித்தது. ஏரி நடுவில் நிற்கும் புத்தர் சிலை இடுப்புக்கு மேல் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பாலிதீன் உறையைப் போர்த்திக்கொண்டு குதித்துக் குதித்துச் சூடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு தம்பி என் கழுத்து ஜெபமாலையைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டான். அங்கேயே ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கிறானாம்.

"ஃபர்ஸ்ட் டைமா அங்கிள்? ஸ்லோவா ஆரம்பிங்க. தண்ணி மட்டும் எந்த டேபிள்லயும் விடாதீங்க."

"மழையே இவ்வளவு கொட்டுதே தம்பி" என்றேன்.

"இது வெளிய கொட்டுது அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

5.30க்குச் சங்கு ஊதினார்கள். பத்து கிலோமீட்டர் ஜெபமாலை சொல்லிக்கொண்டே ஓடினேன், ஒன்றும் தெரியவில்லை. பஞ்சாரா ஹில்ஸ் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மேசை. தண்ணீரும் ஆரஞ்சுச் சுளையும் நீட்டினார்கள். கும்பிட்டுவிட்டுக் கடந்தேன். 8.40க்குப் பாதி தூரம். ஷூவுக்குள் தண்ணீர் புகுந்து ஒவ்வொன்றும் ஒரு கிலோ கனத்தது; குதிகால் உரிந்தது. இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் கழற்றி, கயிற்றை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டேன். வெறுங்கால் பட்டதும் சொந்த ஊருக்கு வந்தது போலிருந்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான்.

முப்பத்து மூன்றாவது கிலோமீட்டர் பலகையைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. ஹைடெக் சிட்டிப் பக்கம், இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். விரல்கள் மரத்துவிட்டன, பல் கிட்டியது. ஜெபம் பாதியில் நின்றுபோனது. பால் குடிக்கிற வயதிலிருந்து காதில் விழுந்த ஜெபம். அடுத்த வரி வரவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னேன், அதே இடத்தில் நின்றது. பயந்துபோய் ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் சாய்ந்துவிட்டேன்.

கண் திறந்தபோது நீலமாக ஒன்று குனிந்து பார்த்தது. கார்ப்பரேஷன் துப்புரவு வேலை செய்யும் அம்மாள், மழைக்கு நீல பாலிதீன் தாளைத் தலையோடு போர்த்தியிருந்தார். இடுப்பில் துடைப்பம். "நீள்ளு தாகு, பெத்தாயனா" என்று பாட்டிலை வாயருகே கொண்டுவந்தார். தண்ணீர் குடிக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. தலையை ஆட்டி மறுத்தேன். மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் மறுத்தேன். பிறகு என் நெஞ்சிலிருந்த நம்பர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் போனை எடுத்தார். ஆபத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று பின்பக்கம் ஒரு போன் நம்பர் அச்சடித்திருக்கும். பேர் கொடுக்கும்போது ஆரோக்கியராஜ் எழுதியது என் நம்பர். என் போனோ குகட்பள்ளி வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. ரோசலி காலைப் பூசைக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது அவன் ஒருவன்தான்.

அவன்தான் எடுத்திருக்கிறான்.

11.20 இருக்கும். ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஊன்றுகோல் வெளியே வந்தது. அடுத்து அந்தக் கால். பிறகு மகன். இரண்டு காலும் ஷூ இல்லாமல், ஒன்று சதை, ஒன்று ரப்பர், ஓடுகிற மழைத் தண்ணீரில் நின்றன.

"ஏம்ப்பா தண்ணி குடிக்கல?"

"பூசை வரைக்கும் ஒருசந்திடா."

"எத்தன மணிக்குப் பூசை?"

"நாலு."

"அந்த வழக்கம் நாகப்பட்டினத்துலேர்ந்து பன்னெண்டு கிலோமீட்டருக்கு. நாப்பத்திரண்டுக்கு யாருப்பா வெச்சா? மாதாவா கேட்டுச்சு?" ஊன்றுகோலால் கீழே ஓங்கித் தட்டினான். "மூணு மாடி. படியில உக்காந்து உக்காந்து எறங்குனேன். இந்தக் காலு ரெண்டு தடவ கழண்டுச்சு. நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். இப்பக் குடிக்கலன்னா இதக் கழட்டி அந்தச் சாக்கடையில போட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

ஐந்து மாதத்தில் அவன் என்னோடு சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. நான் அந்த அம்மாளிடம் பாட்டிலை வாங்கிக் குடித்தேன். ஆட்டோக்காரர் எங்கிருந்தோ டீயும் பிஸ்கட்டும் வாங்கி வந்தார். மகன் பிஸ்கட்டை டீயில் நனைத்து என் வாயில் ஊட்டினான். தின்றேன். என் நேர்ச்சை அங்கே உடைந்தது.

அரை மணி நேரம் கழித்து நடுக்கம் நின்றது. எழுந்தேன்.

"பஸ் கரோ சாச்சா, ஆட்டோ மே பைட்டோ" என்றார் ஆட்டோக்காரர். போதும், ஏறி உட்காரச் சொல்கிறார்.

"நக்கோ" என்றேன். வேண்டாம் என்பதற்கு அந்த ஊரில் நான் கற்றிருந்த ஒரே வார்த்தை. ஆட்டோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மகனும் சிரித்தான்.

மிச்சம் ஒன்பது கிலோமீட்டர். நான் நடந்தேன், மகனை ஏற்றிக்கொண்டு ஆட்டோ பின்னாலேயே நடை வேகத்தில் வந்தது. வாடகை முந்நூறு கேட்டார், காத்திருந்ததற்குத் தனியாகக் கேட்கவில்லை.

2.25க்கு ஓட்டம் முடியும் கச்சிபவுலி மைதானத்து வாசல். வண்டி உள்ளே போகக் கூடாது என்றார் காவலர். மகன் இறங்கினான். சிமெண்டுத் தரை வழுக்கியது. என் கழுத்திலிருந்த ஷூவை எடுத்துப் பிழிந்தேன், குனிந்து முதலில் வலது காலுக்கும், பிறகு அந்தக் காலுக்கும் மாட்டிக் கயிறு கட்டினேன்.

"ரொம்ப ஈரமா இருக்காடா?"

"ஒரு காலுக்குத்தான் தெரியுது" என்றான்.

அங்கிருந்து இருநூறு அடி. என் தோளில் ஒரு கை, ஊன்றுகோலில் ஒரு கை. முடிவில் நிற்க வேண்டிய வளைவு காற்று இறங்கி ஈரத்துணி மாதிரி தரையில் கிடந்தது. நேரம் முடிந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு பேர் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என் நெஞ்சிலிருந்த பேரைப் படித்து, "ஆரோக்கியராஜ்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "ஹவ், நான்தான்" என்றான் என் மகன். ஹவ் என்றால் அந்த ஊரில் ஆமாம்.

அவனுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். பாதியை எனக்குத் தந்தான்.

நாலு மணிப் பூசைக்கு நான் போகவில்லை. அந்த நேரம் ரோசலி என் பாதத்துக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தாள், மகன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தான். எழுந்து போக மனம் வரவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் விட்ட ஒரே ஞாயிற்றுப் பூசை அது. ஊருக்கு வந்து சாமியாரிடம் அதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்தால் என்ன செய்வேன் என்று அவரிடமும் சொல்லவில்லை. இதுதான் என் வெட்கம்.

செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். மகன் மூன்று மாடி இறங்கி பஸ் நிறுத்தம்வரை வந்தான். வேளாங்கண்ணியில் நடை முடியும்போது மேளம் இருக்கும், கொடி இருக்கும், கடல் இருக்கும். இங்கே கயிறு சுருட்டுகிற இரண்டு பேர். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் கால் நடுங்கியது.

நடைப்பயணத்தில் சொல்கிறார்கள்: நீலச் சேலை உடுத்திய பெண் தண்ணீர் கொடுத்து மறைந்தாளாம், நான் எழுந்து ஓடிப் பரிசு வாங்கினேனாம். அவர் மறையவில்லை. என் மகன் வரும்வரை என் தலையை மடியில் வைத்திருந்து, பிறகு ரோடு கூட்டப் போனார். பேர் யாதம்மா. மகன் கேட்டுச் சொன்னான். மாதா அங்கே வரவில்லை என்று நான் சொல்லவில்லை; அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, நான் விட்ட பூசையை விட்டுவிடாதீர்கள். நேரத்துக்கு முடித்தேன் என்று கூட்டாதீர்கள். நீலச் சேலையைக் கொண்டுவருகிறவர்கள் துடைப்பத்தை எடுத்துவிடுகிறார்கள். அதை மட்டும் தயவுசெய்து அந்த அம்மாளின் இடுப்பிலேயே விட்டுவையுங்கள்.