நிலாவை நகர்த்திய உத்தியோகம்

கம்ப்யூட்டருக்குக் கணக்கு எழுதுவது சுலபம். அது என்ன கணக்கு என்று கூட இருப்பவர்களுக்குப் புரியவைப்பதுதான் உத்தியோகம். எழுபதுகளில் காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் தற்காலிக பௌதிக விரிவுரையாளராக இருந்து அதைச் செய்தேன். நீங்களும் எங்கேயாவது இப்படி மாட்டிக்கொண்டு விழித்தவர் என்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

எந்தக் கட்டு?

பூமி நிலாவை எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கிட்டு, நிலாவை ஒரு மணி நேரத்துக்கு உண்டான தூரம் நகர்த்தி, புது இடத்தில் மறுபடி கணக்கிட்டு, மறுபடி நகர்த்த வேண்டும். காலத்தை இப்படி அடியடியாக நடத்திப் போவதுதான் என் புரோகிராம். அதை வரிக்கு ஒரு அட்டையாகத் துளையிட்டு, கட்டுகளாகக் கட்டி, வாராவாரம் மெட்ராஸ் கம்ப்யூட்டர் நிலையத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோவேன்.

ஒருநாள் பக்கத்து சீட்டில் ஒரு நெசவாளர். தறியில் சேலைப் பூ வேலைக்கு மாட்டுகிற அட்டையும் துளை போட்டதுதான் என்பதால், என் கட்டுகளை ஆசையோடு பார்த்தார். ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை பூமி, நிலா, ஈர்ப்பு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதெல்லாம் சரி சார், பார்டர் எந்தக் கட்டுல இருக்குது?”

குறையாத அட்டைகள்

நிலையத்தில் அட்டைகளை வாங்கி மெஷினில் போடும் ஆபரேட்டர், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நிற்பதாலேயே தன்னை விஞ்ஞானி என்று நம்பியவர். ஒரு வாரம் என் கட்டு ஒன்றைக் கீழே போட்டு, கைக்கு வந்தபடி அள்ளி மெஷினில் வைத்துவிட்டார். வரிசை மாறினால் புரோகிராமே இல்லை. நிலா நகரவில்லை, பிழை, பிழை என்று பக்கம் பக்கமாக அச்சாகி வந்தது. எப்படி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அட்டைக் கட்டை என் பக்கம் தள்ளினார். “ஒண்ணுகூடக் குறையல சார், வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க.”

மாசத்துக்கு ஒரு அடி

கல்லூரி விழாவில் தாளாளருக்கு நிலாவின் பாதையைக் காட்டுவதாக எங்கள் துறைத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். காட்டாவிட்டால் என் வேலை நிரந்தரமாகாது என்பதையும் தெளிவாகச் சொல்லியிருந்தார். எங்களுக்குக் கிடைத்த மெஷின் நேரமோ கொஞ்சம். மணிக்கு ஒரு அடி எதற்கு, மாசத்துக்கு ஒரு அடி வைத்தால் சீக்கிரம் முடியுமே என்று கண்டுபிடித்தார்.

அவ்வளவு பெரிய அடியில் நிலா வளையாது, நேராகப் போய்விடும் என்றேன். போடச் சொன்னார். போட்டேன். நிலா பூமியை விட்டுப் போனது, திரும்பவில்லை. அச்சான தாளை அவர் மேஜையில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். “நிலா எங்க வேணா போகட்டும்பா, பேப்பர் விழாவுக்குள்ள வந்துடணும்.”

பின்னால் நடப்பது

அவருக்குத் தெரியாமல் மணிக்கு ஒரு அடிக்கே திரும்பினேன். ஒரு வாரம் நிலா நின்ற இடத்தை அடுத்த வாரத்துக்குத் தொடக்கமாகக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் தாளைப் பிரிப்பேன். கடைசியில் நிலா பூமியைச் சுற்றி வந்து சேர்ந்ததைப் பார்த்தபோது, பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்று சிரித்தேன்.

விழாவில் துறைத் தலைவர் அந்தப் பாதை அச்சான தாளைத் தன் கணக்காகவே விளக்கினார். பட்டு வியாபாரியான தாளாளர், காலத்தைப் பின்னாலும் நடத்த முடியுமா என்று கேட்டார். இத்தனை மாதத்தில் காதில் விழுந்த முதல் உருப்படியான கேள்வி. துறைத் தலைவர் என் பக்கம் கையைக் காட்டினார். நான் உருகிப்போய், கணக்கில் ஒரு குறியை மாற்றினால் போதும், நிலா வந்த வழியே திரும்பும் என்றேன். தாளாளர் என் தோளில் கை வைத்தார். “அப்போ பட்டு நூல் விலை ஏறறதுக்கு முந்தின மாசத்துல கொஞ்சம் நிறுத்துப்பா.”

துறைத் தலைவருக்கு மாலை விழுந்தது, எனக்கு வேலை நிரந்தரமானது, எங்கள் மூவரில் ஒழுங்காக நடந்துகொண்டது நிலா மட்டும்தான்.