லெய்லா உம்மாவின் ஓம்

மதுசாவின் ஒரு கை லெய்லாவின் தோளிலும் மறு கை இடுப்பிலும் இருந்தன. ஒரே இழுப்பில் அவளைத் தன் பக்கம் சரித்தாள். முதுகை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்தாள். தேய்த்தால் தோல் உரிந்துவிடும். குதிக்கால்களைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு இல்லை.

"நோகுதா உம்மா?"

"ஓம்."

"நோகேல்லையா?"

"ஓம்," என்றாள் லெய்லா, முகம் மாறாமல்.

மதுசா வாயை நம்பவில்லை. தன் விரல்களை லெய்லாவின் இடது கைக்குள் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் சும்மா கிடந்தது. அப்படியென்றால் நோகவில்லை.

எத்தாளை ஊரில் தன் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது பாரிசவாதம் வந்து விழுந்தவள் லெய்லா. வலப்பக்கம் போயிற்று. பேச்சில் மிஞ்சியது ஆமாம் என்று பொருள்படும் அந்த ஒரு சொல்தான். பசித்தாலும் ஓம், வயிறு நிறைந்தாலும் ஓம். வீட்டார் அதை நம்பிச் சுடுகஞ்சி பருக்கி நாக்கில் கொப்புளம் போடவைத்தார்கள். திருப்பிப் படுக்க வைக்காமல் விட்டு முதுகில் புண்ணும் வர வைத்தார்கள். பல்கலைக்கழக விடுமுறையில் அவளைப் பராமரிக்கும் வேலைக்கு வந்த மதுசாதான் அந்தக் கட்டைவிரலைக் கண்டுபிடித்தாள். அழுத்தினால் ஓம், அழுத்தாவிட்டால் இல்லை. "வாயைக் கேக்காதீங்க, கையைக் கேளுங்க" என்று வீட்டில் எல்லோரோடும் சண்டை பிடித்தாள்.

அவள் தாதியியல் படிக்கிறாள், இரண்டாம் வருடம். பிறந்தது இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில். தாய் அங்கேயே இறந்துபோனாள். யுத்தம் முடிந்தபின் தகப்பன் தவச்செல்வன் ஒன்பது வயது மகளைக் களவாகத் தோணியில் ஏற்றிக்கொண்டு கரை சேர்ந்தார். அவரிடம் இலங்கை அடையாள அட்டை இருந்தது. பிள்ளையிடம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் "ஆமா" என்று சொல்லிக் கேலி வாங்கி, ஒரு மாதத்தில் "ஓம்" பழகினாள். பள்ளிக்கூட அதிபர் உறுதிப்படுத்திய படத்தைக் காட்டிப் பரீட்சைகள் எழுதினாள். பல்கலைக்கழகத்தில் அவள் பெயருக்கு எதிரே 'தற்காலிகம்' என்று போட்டார்கள். தோழிகள் அதையே பெயராக்கினார்கள்.

"ஏய் தற்காலிகம், தேத்தண்ணிக்கு வாறியா?"

சிரித்துக்கொண்டே போவாள். ஆனால் வைத்தியசாலைப் பயிற்சிக்குப் போகும் பஸ்ஸைப் பொலிஸ் மறித்தால், பின் இருக்கையில் தூங்குவதுபோல் கிடப்பாள். இம்முறை நிர்வாகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அடையாள அட்டை இல்லாவிட்டால் வருட இறுதிப் பரீட்சை எழுத முடியாது.

சுருக்கு வழி சொன்னவன் லெய்லாவின் மகன் நளீம்.

"இவ நம்மட வீட்டுல பொறந்த எண்டு உம்மா ஒரு சத்தியக் கடதாசி குடுத்தாப் போதும். ஜே.பி.யக் கூட்டிட்டு வாறன்."

"அவவால கதைக்க ஏலாதே தம்பி," என்றார் தவச்செல்வன்.

"என்னத்துக்குக் கதைக்கணும்? எதைக் கேட்டாலும் உம்மா ஓம்தானே செல்லுவா!"

இருவரும் சிரித்தார்கள். மதுசா சிரிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளுக்குப் படிப்பு வேண்டும்.

பின்னேரம் அசர் தொழுகை முடிந்து, சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்தும் ஜே.பி. ஹயாத்து முகம்மது வந்தார். கதிரையை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"லெய்லா, என்னத் தெரியுதா?"

"ஓம்."

"இந்தப் புள்ள இந்த வீட்டுலயா பொறந்த?"

"ஓம்."

"மாஷா அல்லாஹ், நல்ல தெளிவாத்தான் ஈக்கிறா."

மதுசாவின் விரல்கள் லெய்லாவின் கைக்குள் இருந்தன. கட்டைவிரல் அழுத்தியது, நகம் பதிகிற அளவுக்கு. வாய் தன்பாட்டில் சொன்ன ஓம் அல்ல இது. என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்து, இவளுக்காகச் சொன்ன பொய்.

ஜே.பி. மைப்பெட்டியைத் திறந்து, கைநாட்டு வைக்க அந்தக் கட்டைவிரலையே பிடித்தார்.

மதுசா லெய்லாவின் கையை விடவில்லை. இன்றைக்கு இந்த ஓம் கடதாசியில் ஏறினால் நாளைக்கு யாரும் வந்து கேட்கலாம். தோட்டத்தை எழுதித் தாறீங்களா? ஓம். உங்களைக் கொண்டுபோய் எங்காவது விடவா? ஓம்.

"வேண்டாம் சேர். அந்த ஓமை எழுதாதீங்க."

"ஏன்?"

"நீங்க பொம்பிளையா எண்டு கேட்டுப் பாருங்க."

ஜே.பி. முறைத்தார். பிறகு கேட்டும் பார்த்தார். "லெய்லா, நான் பொம்பிளையா?"

"ஓம்," என்றாள் லெய்லா. உடனே வாயின் இடது பக்கம் மட்டும் கோணிச் சிரித்தது. நளீம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"அப்ப நீ எங்க பொறந்த?" என்று ஜே.பி. மதுசாவைக் கேட்டார்.

"பிள்ளை, வாயைத் திறக்காத," என்றார் தவச்செல்வன்.

"மண்டபத்துல சேர்."

"இந்தியாவுலயா?"

"ஆமா." பயத்தில் பழைய சொல் வந்துவிட்டது.

ஜே.பி. மைப்பெட்டியைப் படாரென்று மூடினார். "நளீம், என்னயும் பொய்ச் சத்தியத்துல மாட்டப் பாத்தியா?" தவச்செல்வன் பக்கம் திரும்பினார். "நீங்க இலங்கை ஆள்தானே? அப்ப இவ இலங்கைப் புள்ளதான். பத்தரமுல்லையில ஈக்கிற குடிவரவுக் கந்தோருக்குப் போய் உள்ளதச் செல்லிப் பதியணும். களவா வந்ததக் கேப்பாங்க. நாளும் போகும்."

"பரீட்சைக்கு முன்னம் கிடைக்குமா சேர்?"

"கிடைக்கும் எண்டு நான் செல்ல மாட்டன். ஒரு வருசம் போனாலும் போகும்."

தவச்செல்வன் வெளியே போனார். மதுசா கட்டிலில் உட்கார்ந்தாள். லெய்லா அவள் கையை எட்டிப் பிடித்தாள். கட்டைவிரல் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

"காணும், விடுங்க உம்மா, எனக்கு நோகுது," என்றாள் மதுசா. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மறுநாள் விடிய அவள் பஸ் தரிப்புக்கு வந்தபோது, தவச்செல்வன் கல்யாண வீடுகளுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னமே வந்து நின்றார். பத்தரமுல்லைக் கந்தோரில் இருவரும் வரிசையில் நின்றார்கள். முறை வந்ததும், யன்னலுக்குப் பின்னாலிருந்த அலுவலர் சிங்களத்தில் மதுசாவைக் கேட்டார்: எப்படி இந்த நாட்டுக்குள் வந்தாய்? என்ன கேட்டார் என்று அவள் தகப்பனுக்குத் தமிழில் சொன்னாள்.

தவச்செல்வன் அவளை மெல்ல விலக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"நான்தான் தோணியில ஏத்திக்கொண்டு வந்தனான். அவள் சின்னப்பிள்ளை."

மதுசா அதைச் சிங்களத்தில் சொன்னாள்.