துளைக்கல்லைத் திருப்பிக் கொடுத்தவர்

மதுக்கரைக்கு மேற்கே, கரட்டு மேட்டில் இருக்கும் பாண்டவர் வீடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் கரட்டடியில் தோட்டம் வைத்திருக்கும் அங்கப்பனைத்தான் தேடிப் போக வேண்டும். கள்ளிக்குள் ஒளிந்து கிடக்கும் கல்வீடுகள். சுற்றிலும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், முன்கல்லில் வட்டமாக ஒரு துளை. வனவாசத்தில் பாண்டவர் தங்கியவையாம். பாண்டவர் தங்காத ஊர் தமிழ்நாட்டில் ஏது?

ஐம்பத்தேழாம் வருஷம் அங்கப்பன் தோட்டத்துக்குக் கரண்டு வந்தது. கிணற்று மேட்டில் மோட்டாரை உட்கார வைக்கக் கல் வேண்டும், குழாய் இறங்க அதில் துளையும் வேண்டும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று வண்டியைக் கட்டிக்கொண்டு கரட்டுக்குப் போனார். முன்கல்லைப் பெயர்த்தபோது உள்ளே ஒரு பானை இருந்தது. பானை நிறைய எலும்பு. கல்லோடு நிறுத்தியிருக்கலாம். எலும்பு நல்ல உரமாயிற்றே என்று அதையும் அள்ளி வந்து குப்பைக் குழியில் கொட்டினார். மழைக்கு முன் குப்பை தோட்டத்துக்குப் போனது. சோளம் ஆள் மறையும் உயரம் வளர்ந்தது.

நான்கைந்து வருஷம் கழித்து, கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் சென்னகேசவன் வந்தார். கிணற்றடியில் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு மோட்டார் பக்கத்திலேயே குந்திவிட்டார்.

"கவுண்டரே, அது வீடில்லீங்க, சமாதி. செத்தவங்க எலும்பைப் பொறுக்கிப் பானையில வெப்பாங்க. பெத்த புள்ளைங்க வந்து இந்தத் துளை வழியாச் சோறு வெச்சிருப்பாங்கன்னு சொல்றாங்க."

அங்கப்பன் தன் அப்பனின் எலும்பைப் பேரூர் ஆற்றில் அழுதுகொண்டே கரைத்தவர். எவனையோ பெற்றவளை எருவாக்கிவிட்டோமே என்று அன்றைக்கு முழுக்கக் குப்பைக் குழியையே சுற்றிச் சுற்றி வந்தார். அதற்குப் பிறகு சோளச் சோற்றைத் தட்டில் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார்.

"ஏனுங்க, சோறு எறங்கலீங்களா?" என்பாள் மனைவி தெய்வாத்தாள். பசியில்லை என்பார்.

ஒரு கோடையில், பயிர் தண்ணீருக்குத் தவித்து நிற்கும்போதே மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கல்லைக் கரட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். பாதிப் பயிர் காய்ந்தது. பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள் பங்காளிகள். சென்னகேசவனுக்கோ தலைகால் புரியவில்லை. பத்துப் பேரைக் கரட்டுக்குக் கூட்டிவந்து, "இப்படி ஒரு மனுசரைப் பார்க்க முடியுமா?" என்று எல்லார் முன்னாலும் புகழ்ந்தார். பிறகு கேட்டார்.

"கல்லை எடுக்கறப்ப உள்ள ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அங்கப்பன் வந்திருந்தார். அத்தனை முகங்களும் மரியாதையோடு பார்த்தன. அந்த மரியாதை அவரைக் கெடுத்தது.

"காலியாத்தானுங்க கெடந்துச்சு."

"அந்தக் காலத்துலயே எவனோ திருடிப்போட்டான்" என்றார் சென்னகேசவன்.

தெய்வாத்தாளுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த அமாவாசைக்குத் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு கணவனோடு கரட்டுக்கு வந்தாள். "எலும்பு இல்லாட்டி என்னங்க, பசி இருக்குமில்ல. நீங்களே வெச்சுப்போடுங்க. கல்லைத் திருப்பிக் குடுத்த கை" என்று ஒரு உருண்டை பிடித்து நீட்டினாள்.

அங்கப்பன் வாங்கினார். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று அவளைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். துளைக்குள் கையை விட்டு உருண்டையை வைத்தார்.

சோளச் சோறு. அந்தத் தோட்டத்தில் விளைந்தது.