நடுவில் இருந்த புள்ளி

யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதைப் புள்ளியும் கோடுமாக வரைவதுதான் என் வேலை. ஆளுக்கு ஒரு புள்ளி, அழைப்புக்கு ஒரு கோடு. என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒளிந்து இயங்கும் தீவிரவாதக் குழுக்களைக் கண்டுபிடிக்க இந்தப் படம் காவல்துறைக்கு உதவுகிறது. மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் வந்து, ரயிலில் இடிபட்டுப் போய் இதைத்தான் செய்கிறேன் என்றால் என் அம்மாவே நம்புவதில்லை.

அந்தக் கோடையில் ஒரு வழக்கு. சந்தேகத்துக்குரிய இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஒரே ஒரு எண். விடியற்காலையிலும் மாலையிலும் பலர் அதைக் கூப்பிடுகிறார்கள், அந்த ஆள் எடுப்பதே இல்லை. ஒரு ரிங், உடனே கட்.

"சிக்னல் குடுக்கறாங்கம்மா. இவன்தான் தூது. நாளைக்குத் தூக்கிடலாம்," என்றார் அதிகாரி.

படமும் அதைத்தான் காட்டியது. ஆனால் இந்த மாதிரி விசாரணைக்குப் போனவர் சும்மா திரும்பி வந்தாலும் தெரு அவரைப் பழையபடி பார்க்காது. அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

மாலை வீட்டுக்கு வந்தால் குழாயில் காற்றுதான் வந்தது. எதிர்வீட்டு அக்கா போனை எடுத்தார், ஒரு ரிங் விட்டு கட் செய்தார்.

"பேசலையாக்கா?"

"தண்ணி லாரிக்காரர் எடுக்க மாட்டாரு. நம்பரைப் பார்த்தாலே எந்த அபார்ட்மெண்ட்னு அவருக்குத் தெரியும். இந்த ஏரியால எல்லாரும் இப்படித்தான்."

அவர் போன் திரையை எட்டிப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க நான் முறைத்துக்கொண்டிருந்த அதே எண்.

மறுநாள் முதல் வேலையாக அதிகாரியிடம் சொன்னேன்.

"உங்க வீட்டுக்குத் தண்ணி வரணும்னு ஆளை விடச் சொல்றீங்களா?"

எரிச்சல் வந்தது. "அதுக்கும்தான் சார். நீங்களே ஒரு மிஸ்டு கால் குடுத்துப் பாருங்க."

வேறொரு போனிலிருந்து கொடுத்தார். உடனே அந்த எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. "எந்த ஏரியா சார்? புது நம்பரா கீது. இன்னிக்கு லோடு ஃபுல்லு, நாளிக்கி போடட்டா?"

அதிகாரி பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். ஆனாலும் அவ்வளவு சுலபமாக விடவில்லை. ரிங் விட்ட வீடுகளுக்கெல்லாம் லாரி போனதா என்று ஆள் வைத்து விசாரித்தார். போயிருந்தது. பிறகு அந்தப் புள்ளியைப் படத்திலிருந்து எடுத்தேன். ஒரு பக்கத்துக் கூட்டம் சிதறிப்போனது, எல்லாம் தண்ணீர் இல்லாத வீடுகள். இன்னொரு பக்கத்தில், தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்ளும் நாலைந்து பேர் தனியாகத் தெரிந்தார்கள்; அவர்களும் தண்ணீருக்குத்தான் அந்த எண்ணுக்கு ரிங் விட்டிருந்தார்கள். அதிகாரி அவர்கள் பக்கம் திரும்பினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்த வாரம் லாரி வந்தபோது நானே கீழே இறங்கிப் போனேன். லுங்கியை மடித்துக் கட்டிய ஓர் ஆள் தரைக்கடியில் இருந்த சம்ப்புத் தொட்டிக்குள் குழாயை விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"யக்கா, இந்த பில்டிங்ல யார்னா சார் எனக்கு மிஸ்டு கால் குடுத்தாரா? அட்ரஸ் சொல்லாமயே வெச்சிட்டாரு. திரும்பப் போட்டா எடுக்கல. அவருக்குத் தண்ணி கெடச்சிதோ இன்னாவோ, அதே நெனப்பா கீது."

"கெடச்சிடுச்சுண்ணா," என்றேன்.