பலகைத் தரையும் சிமெண்ட் பாலும்

“ஐப்பசி முதல் ஞாயிறு. நடந்தால் மாடிப் பலகைத் தரை கத்துகிறது, ஜன்னலோரம் அதிகம்.” இது என் டைரிக் குறிப்பு. மீஞ்சூரில் எங்கள் பழைய வீட்டில் நானும் தம்பியும் இருக்கிறோம். பலகையைப் பெயர்த்துக் கான்கிரீட் போட்டு, தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மாடியை வாடகைக்கு விடுவது அவன் திட்டம். நான் சம்மதிக்கவில்லை.

எந்தக் கோளாறுக்கும் சிமெண்ட்தான் மருந்து என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தம்பி கூட்டிவந்த கொத்தனார் சிமெண்ட்டைத் தண்ணீராகக் கரைத்து, அந்தச் சிமெண்ட் பாலைப் பலகை இடுக்குகளில் ஊற்றினார். காய்ந்தபின் நடந்தோம், அது பொடிந்து, சத்தம் இன்னும் கூடியது.

“பாத்தியா? பேத்துப் போட்டாதான் சரியாவும். இன்னாக்கா, பலகைய கட்டிக்கினு அழுவப் போறியா?” என்றான் தம்பி.

“நான் இன்னாத்துக்கு அழுவணும்? நீ கீய போய் நாஷ்டா துன்னு, போ.”

பொடியை நானே சுரண்டி எடுத்தேன். தளர்ந்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, திருகாணி முடுக்கிப் பலகைகளை உத்தரத்தோடு இறுக்கினேன். ஜன்னலோரம் தவிர மற்ற இடங்களில் சத்தம் நின்றது. அங்கே உத்தரத்தின் முனை செல்லரித்துவிட்டது என்கிறான் தம்பி. என் கட்டிலை அந்த ஜன்னலோரத்துக்கே இழுத்துப் போட்டுக்கொண்டேன். முனை சுவருக்குள் புதைந்திருக்கிறது. அது செல்லரித்திருக்கிறதா என்பதை அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, இன்றுவரை உறுதியாகவில்லை.